சென்ற வாரம் எத்தனை முறை நடந்தீர்கள்?

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவர்கள் மறுபரிசோதனைக்காக மருத்துவமனைக்குச் செல்லும்போது, சில இடங்களில் அவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுக்கின்றனர். வலியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ அதில் கேள்வி இராது. வழக்கமான ஒரு வாரத்தில், ஓய்வு நேரத்தில், பதினைந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட உடற்பயிற்சியை எத்தனை முறை செய்கிறீர்கள் என்பதே அதன் சாரம். கடினமானது, நடுத்தரமானது, இலேசானது என மூன்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எழுதவேண்டும். பெரும்பாலோர் பக்கத்தில் இருப்பவரிடம் பேனாவை இரவல் வாங்கி, மனத்தில் பட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு, தம் பெயர் அழைக்கப்படுவதற்காகக் காத்திருக்கின்றனர்.

அந்தத் தாளைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். குடும்ப இதழில் எழுத இது ஒரு பொருளா என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். ஆயினும், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் வாரத்தில் மூன்று மணி நேரம் நடந்தால் நெடுநாள் வாழ வாய்ப்புண்டு என்ற செய்தியை நம்மில் பலர் நாளேடுகளில் படித்திருக்கிறோம். அச்செய்தியின் அடித்தளத்தில் இருப்பது இத்தகைய தாள்தான். பல்லாயிரம் நோயாளிகள் தம் நினைவிலிருந்து எழுதிய எண்களைக் கூட்டியும் வகுத்தும் கண்ட முடிவு அது. எழுதுகிறவர் நினைப்பதைக் காட்டிலும் அந்தத் தாளுக்கு மதிப்பு மிகுதி. அதே வேளையில், அதைப் படிக்கிறவர் நினைப்பதைக் காட்டிலும் அதில் பிழை மிகுதி. இவ்விரண்டையும் சேர்த்து அறிந்துகொண்டால், நம் வீட்டு நோயாளிகள் இருவிதத் துன்பங்களிலிருந்து தப்பலாம். அவை எவை என்பதைப் போகப் போகக் காண்போம்.

பேருந்தில் தொடங்கிய ஆராய்ச்சி

மனிதர் உடலை எவ்வளவு அசைக்கின்றனர் என்று கணக்கெடுக்கும் முயற்சி இலண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் தொடங்கியது எனலாம். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ நாள் முழுவதும் படியேறி இறங்கிக்கொண்டிருப்பார். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் 1953 ஆம் ஆண்டில் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு, நடத்துநர்களிடம் இதயநோய் குறைவாக இருப்பதை எடுத்துக்காட்டினர். இந்த ஒப்பீட்டுக்கு வினாத்தாள் தேவைப்படவில்லை. ஒருவர் பார்க்கும் தொழிலே அவருடைய அசைவைச் சொல்லிவிட்டது.

நாளடைவில் மேலைநாடுகளில் பெரும்பாலான தொழில்கள் நாற்காலித் தொழில்கள் ஆகிவிட்டன. எல்லாரும் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் சமுதாயத்தில் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் உள்ள வேறுபாடு மாலையிலும் விடுமுறையிலும்தான் தெரியும். ஆகவே ஆய்வாளர்கள் ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினர். அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கர் என்பவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களுக்கு அஞ்சலில் வினாத்தாள் அனுப்பி, நாள்தோறும் எத்தனை படி ஏறுகிறீர்கள், எத்தனை தெரு நடக்கிறீர்கள், என்ன விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். 35 முதல் 74 வயது வரையிலான 16,936 ஆண்களைப் பற்றிய அவருடைய முடிவு 1986 இல் வெளியாயிற்று. உடலை மிகுதியாக இயக்கியவர்கள் நெடுநாள் வாழ்ந்தனர் என்பதே அதன் செய்தி.

இதற்கு ஓராண்டு முன்னர், அதாவது 1985 இல், கனடா நாட்டவரான காஸ்தோன் கோதேன், ராய் ஷெப்பர்டு ஆகிய இருவரும் மிகச் சுருக்கமான ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். நாம் தொடக்கத்தில் விவரித்த தாள் அதுவே. கடினமான பயிற்சியின் எண்ணிக்கையை ஒன்பதாலும், நடுத்தரமானதை ஐந்தாலும், இலேசானதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இதன் எளிமை காரணமாக, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளில் மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டுவரும் தாள்களுள் இதுவும் ஒன்றாக ஆகிவிட்டது.

அத்தாளில் கண்ட எடுத்துக்காட்டுகளைப் படிக்கும்போது நமக்குப் புன்னகை வருகிறது. கடினமான பயிற்சிக்கு ஹாக்கி, பனிச்சறுக்கி நெடுந்தூரம் செல்லுதல், ஜூடோ ஆகியவற்றைக் காட்டியிருக்கின்றனர். இலேசான பயிற்சி என்னும் தலைப்பின்கீழ் யோகாசனமும் மெதுநடையும் ஆற்றங்கரையில் நின்று தூண்டில் போடுவதும் பனிமீது ஓடும் விசைவண்டியில் செல்வதும் அக்கம்பக்கமாக அமர்ந்திருக்கின்றன. கனடா நாட்டவருக்கு இவை பொருத்தமே. நம் கடற்கரைப் பங்குகளில் விடியுமுன் கட்டுமரம் தள்ளி, வலை இழுத்துக் கரை சேரும் ஒருவர், ‘மீன்பிடித்தல் – இலேசானது’ என்ற வரியைப் படித்தால் என்ன நினைப்பார்? அதே தாளில் மற்றொரு கேள்வியும் உண்டு: வேர்வை வரும் அளவுக்கு, இதயம் வேகமாகத் துடிக்கும் அளவுக்கு, அடிக்கடி உழைப்பதுண்டா என்பது அது. சித்திரை மாதத்தில் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே நமக்கு அதில் பாதி நிறைவேறிவிடும்.

விளையாட்டாகச் சொன்னாலும், இதில் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தத் தாளை முதன்முதலில் சோதித்தபோது அதற்கு விடை எழுதியவர்கள் 306 பேர், அனைவரும் உடல்நலம் உள்ளவர்கள், தாமே முன்வந்தவர்கள். உழைப்பு முடிந்து ஓய்வு தொடங்கும் நேரம் எது என்று தெளிவாகத் தெரிந்த வாழ்க்கை அவர்களுடையது. அவர்களுக்காகத் தைத்த சட்டையைத்தான் பிற்காலத்தில் நோயுற்றவர்களுக்கும் பிற நாட்டவர்க்கும் அணிவித்துப் பார்க்கின்றனர்.

எண்களுக்குப் பின்னால்

இனி, இத்தகைய வினாத்தாள்களால் விளைந்த நன்மையைப் பார்ப்போம். அமெரிக்காவில் செவிலியர்களின் உடல்நிலையைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதில் சேர்ந்தவர்களுள் 1984 க்கும் 1998 க்கும் இடையில் மார்பகப் புற்றுநோய் கண்ட 2,987 பெண்களைப் பற்றி மிஷேல் ஹோம்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2005 இல் எழுதினர். வாரத்தில் எவ்வளவு நேரம் நடந்தனர், என்ன வேகத்தில் நடந்தனர், நீந்தினரா, சைக்கிள் ஓட்டினரா என்பனவற்றை அப்பெண்களே எழுதித் தந்திருந்தனர். இவற்றை ஒரே அளவையில் கொண்டுவருவதற்கு ‘மெட்’ என்னும் ஓர் அலகு உண்டு. அசையாது உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் ஒரு மெட். சாதாரண நடைக்கு ஏறத்தாழ மூன்று மெட். ஆகவே மூன்று மணி நேரம் நடந்தால் ஒன்பது மெட்-மணி ஆயிற்று. வாரத்தில் மூன்று மெட்-மணிக்கும் குறைவாக இயங்கிய பெண்களோடு ஒப்பிட்டபோது, ஒன்பது முதல் பதினைந்து வரை எட்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அதற்கு மேலும் மேலும் கூட்டியவர்களிடம் அந்த நன்மை மேலும் கூடியதாகத் தெரியவில்லை. மறு ஆண்டிலேயே குடற்புற்றுநோயாளர்களைப் பற்றியும் இதையொத்த முடிவுகள் வெளிவந்தன.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. நடந்ததால் நலமாயிருந்தார்களா, அல்லது நலமாயிருந்ததால் நடந்தார்களா? உள்ளே நோய் மறைந்து வளரும் ஒருத்திக்குக் கால் எழும்பாது. அவள் தாளில் எழுதும் எண்ணும் சிறியதாகத்தான் இருக்கும். ஹோம்ஸ் குழுவினர் இதை உணர்ந்தே, நோய் கண்டறிந்து இரண்டு ஆண்டுகளாவது கழிந்த பின்னர் எழுதிய விடைகளைக் கணக்கில் எடுத்தனர். அப்படியும் ஐயம் முற்றிலும் தீரவில்லை.

அதைத் தீர்ப்பதற்கு ஒரே வழி, நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சியளித்துப் பார்ப்பது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பகுதியாக நடைபெற்ற ஆராய்ச்சி ஒன்று இதைச் செய்தது. கெர்ரி கோர்னியா என்பவரைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு அதன் முடிவு 2025 இல் வெளிவந்தது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சையும் அதன்பின் மருந்துச் சிகிச்சையும் முடித்த 889 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு உடல்நலம் பற்றிய நூல்களைக் கொடுத்தனர். மறுபகுதியினருக்கு அவற்றோடு மூன்று ஆண்டுகளுக்கு ஒழுங்கான பயிற்சித் திட்டத்தையும், அதை நடத்திச் செல்ல ஒரு வழிகாட்டியையும் கொடுத்தனர். ஐந்து ஆண்டு முடிவில், நோய் திரும்பாமலும் வேறு புற்று தோன்றாமலும் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சி பெற்ற பகுதியில் நூற்றுக்கு 80.3, மற்றப் பகுதியில் 73.9. எட்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 க்கு 83.2. ஒரு புதிய மருந்து இவ்வளவு நன்மை செய்திருந்தால் எவ்வளவு ஆரவாரம் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இந்த ஆராய்ச்சியிலும் எவ்வளவு பயிற்சி செய்தனர் என்பதை நோயாளிகளே வினாத்தாளில் எழுதினர். ஆனால் அதோடு நிறுத்தாமல், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதையும் அளந்து பார்த்தனர். பயிற்சிப் பகுதியினர் மற்றவர்களைவிட 13 முதல் 30 மீட்டர் வரை கூடுதலாக முன்னேறியிருந்தனர். பெரிய தூரம் இல்லை. எனினும் தாளில் எழுதிய எண் காட்டிய திசையிலேயே நடந்த காலும் சென்றிருக்கிறது. எழுதியது வெறும் முகத்துதியாக இருந்தால் அப்படி நேர்ந்திராது.

பிழை எங்கே நுழைகிறது

பொதுவாகவே மனிதர் தம் அசைவை நினைவிலிருந்து சொல்வதில் வல்லவர்கள் அல்லர். அமெரிக்காவில் 2003, 2004 ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்களின் இடுப்பில் அசைவை அளக்கும் சிறு கருவியைக் கட்டிப் பார்த்தனர். ஆக்சிலரோமீட்டர் என்பது அதன் பெயர். நாளொன்றுக்கு முப்பது நிமிடம் என்ற அந்நாளைய பரிந்துரையை எட்டிய பெரியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. வாய்மொழியாகக் கேட்டபோதோ அந்நாட்டில் எட்டியதாகக் கூறியவர்கள் இதைவிடப் பன்மடங்கு. 12 நாடுகளில் சோதித்து 2003 இல் வெளியிடப்பட்ட அனைத்துலக வினாத்தாள் ஒன்றின் நிலையும் இதுவே: ஒரே ஆளிடம் சில நாள் கழித்து மறுபடி கேட்டால் விடை பெரிதும் ஒத்திருந்தது, ஆனால் கருவி காட்டியதோடு ஒப்பிட்டபோது பொருத்தம் 0.30 அளவில் நின்றது. முழுப் பொருத்தம் என்றால் 1 இருக்கவேண்டும். அதாவது, பிழையாகவே எழுதினாலும் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய ஒரே வகையில் பிழையாக எழுதுகின்றனர். இத்தகைய தாளைக் கொண்டு ஆயிரம் பேரை மிகுதியாக இயங்குவோர், குறைவாக இயங்குவோர் என வரிசைப்படுத்த முடியும். ஒரு தனி மனிதர் சென்ற வாரம் எத்தனை நிமிடம் நடந்தார் என்று அறிய முடியாது.

கருவியே போதுமே, தாள் எதற்கு என்று கேட்கலாம். இடுப்பில் கட்டிய கருவிக்குச் சைக்கிள் மிதிப்பது சரியாகத் தெரியாது. துணி துவைப்பதும் அம்மியில் அரைப்பதும் தெரியாது. தலையில் குடம் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியாது. நடந்தவர் மகிழ்ச்சியாக நடந்தாரா, வேறு வழியின்றி நடந்தாரா என்று அது சொல்லாது. விலையும் உண்டு. ஆகவே தாள் இன்னும் நெடுநாள் இருக்கும்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் வரும்போது, பொதுவான பிழைகளோடு வேறு சிலவும் சேர்கின்றன. ‘வழக்கமான ஒரு வாரம்’ என்று தாள் கேட்கிறது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கீமோ மருந்து ஏறும் ஒருவருக்கு வழக்கமான வாரம் ஏது? மருந்து ஏறிய முதற் சில நாள்கள் படுக்கை, பிறகு கொஞ்சம் எழுந்து நடமாட்டம், மூன்றாம் வாரத்தில் ஏறத்தாழப் பழைய ஆள், மறுபடியும் மருந்து. எந்த வாரத்தைக் குறித்து அவர் எழுதுவார்? தாளைக் கொடுக்கும் நாள் பெரும்பாலும் மருந்து ஏற்றும் நாளாகவே அமைவதால், அவர் மனத்தில் நிற்பது நல்ல வாரமே.

அடுத்து, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்ற சொற்கள். ஆய்வாளர் அட்டவணையில் இவற்றுக்கு மெட் கணக்கு உண்டு. நோயாளியின் கணக்கோ அவருடைய மூச்சு. சில மருந்துகள் இதயத்தின் வலிமையைக் குறைக்கக்கூடும். சில மருந்துகள் பாதங்களை மரத்துப்போகச் செய்யும். சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆன பின்னும் நீங்காத களைப்பு பலருக்கு உண்டு. இப்படிப்பட்டவர் கோயில் வாசலிலிருந்து கடைத்தெரு வரை மெல்ல நடந்தாலே மூச்சு வாங்கும். அவர் அதை ‘கடினம்’ என்ற கட்டத்தில் எழுதினால் பொய் எழுதினார் என்று யாரால் சொல்ல முடியும்? அவர் உடலைப் பொறுத்தமட்டில் அது கடினமே. ஒன்பதால் பெருக்கப்படும்போதுதான் கணக்கு தடம் புரள்கிறது.

மறுபுறத்திலும் பிழை உண்டு. உடல்நலப் பயனைக் கணிப்பதற்குக் கடினமானதையும் நடுத்தரமானதையும் மட்டும் சேர்த்து 24 மதிப்பெண்ணை எட்டவேண்டும் என்று கோதேன் 2011 இல் விளக்கினார். அதன்படி, சிகிச்சையால் நலிந்த ஒருத்தி நாள் தவறாமல் மெதுவாக நடந்து, அதை உண்மையாக ‘இலேசானது’ என்று எழுதினால் அவள் பெறும் மதிப்பெண் பூச்சியம். படுக்கையை விட்டு எழாதவருக்கும் அதே பூச்சியம். நோயுற்ற உடலில் படுக்கையிலிருந்து வாசற்படிக்கு வருவது எவ்வளவு பெரிய பயணம் என்பதை நோயாளியைப் பார்க்கச் சென்றவர் எவரும் அறிவர்.

மறதியையும் சொல்லவேண்டும். கீமோ சிகிச்சைக்குப் பின் பெயர்களும் நாள்களும் நினைவில் நழுவுவதாகப் பலர் கூறுகின்றனர். அவர்களிடம்தான் ஏழு நாள் கணக்கைக் கேட்கிறோம். இதற்கு மேல், கேட்பவரைத் திருப்திப்படுத்தும் இயல்பு. நல்லவர் என்று பெயரெடுக்க விரும்பும் மனப்போக்கு உள்ளவர்கள் தம் உடற்பயிற்சியைக் கூட்டிச் சொல்லும் சார்புடையவர்கள் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. இதற்கு ஆராய்ச்சியே வேண்டியதில்லை என்று குருக்கள் சொல்வார்கள், "எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்று நாம் கேட்டால், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே "நல்லா இருக்கேன் சாமி" என்று சொல்லும் மக்கள் நம் மக்கள். உயிரைக் காத்த மருத்துவர் முன்னால் "நீங்கள் சொன்னபடி நடக்கவில்லை" என்று எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

யார் விடை சொல்கிறார்?

நம் நாட்டில் இன்னொரு பிழையும் உண்டு. மருத்துவமனை நடைவழியில் ஒருமுறை நாம் கண்டது இது. மார்பக அறுவை செய்துகொண்ட, அறுபதைத் தாண்டிய ஒரு தாயார். உடன் வந்திருந்தவர் மூத்த மகன். செவிலியர் தாளை நீட்டியதும் மகனே வாங்கிக்கொண்டார். "அம்மாவை நாங்க ஒரு வேலையும் செய்யவிடறதில்ல சிஸ்டர்" என்று பெருமையோடு கூறி மூன்று கட்டங்களிலும் பூச்சியம் எழுதினார். அவர் நல்ல மகன், அதில் ஐயமில்லை. அவர் மருந்து வாங்கச் சென்ற பின்னர் அந்தத் தாயார் எம்மிடம், "காலையிலே ரெண்டு குடம் தண்ணி எடுக்கறது, மாட்டுக்குத் தீனி வைக்கறது, பேரப்பிள்ளைய நடத்தியே பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றது... அதெல்லாம் இதுல எழுதணுமா சாமி?" என்று கேட்டார்.

விந்தை என்னவென்றால், தாளின் கேள்விப்படி பார்த்தால் மகன் எழுதியதே சரி. தாள் கேட்டது ஓய்வு நேரப் பயிற்சியை. அந்தத் தாயார் தம் வாழ்நாளில் உடற்பயிற்சிக்கென்று ஒரு நிமிடமும் ஒதுக்கியவர் அல்லர். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் எடுத்து 2014 இல் வெளியான பெரிய ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை இயக்குவோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு என்று கண்டனர். ஓய்வு நேரத்தை மட்டும் கேட்கும் தாள், நம் நாட்டில் பத்தில் ஒன்பது பேரைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டுவிடும். இக்குறையை உணர்ந்து, சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் இந்திய மக்களின் வாழ்க்கைக்கு ஏற்ற வினாத்தாள் ஒன்றை உருவாக்கி 2015 இல் வெளியிட்டனர். தொழில், போக்குவரத்து, அன்றாட வேலை, ஓய்வு நேரம் எனப் பல பகுதிகளாகப் பிரித்து அது கேட்கிறது. அது பொதுமக்களுக்காக ஆனது. புற்றுநோயின் களைப்பையும் கீமோ வாரங்களையும் கணக்கில் கொண்டு, நம் வீடுகளின் வேலையையும் அறிந்து, தமிழில் கேட்கும் தாள் ஒன்று நம் மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வரவேண்டும் என்பது எம் விருப்பம்.

பூச்சியம் எழுதியதால் அந்தத் தாயாருக்கு என்ன நேரக்கூடும்? மருத்துவர் அதைப் பார்த்து, "இப்படியே உட்கார்ந்திருக்கக் கூடாதம்மா, நடக்கவேண்டும்" என்று கடிந்திருக்கலாம். ஏற்கெனவே களைத்திருப்பவர்மீது இன்னொரு சுமை ஏறும். அல்லது, "நன்றாக ஓய்வெடுக்கிறார்கள்" என்று குடும்பமும் மருத்துவரும் மனநிறைவு கொண்டு, அறுவை நடந்த பக்கத்துக் கையால் அவர் குடம் தூக்குவதைக் கேளாமலே விட்டிருக்கலாம். முதலில் நாம் குறிப்பிட்ட இருவிதத் துன்பங்களில் இது ஒன்று.

மற்றது இதனினும் கொடியது. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளில் நோய் திரும்பிவிட்ட சிலரைச் சந்திக்கச் சென்றபோது எம்மிடம் அவர்கள் கேட்ட கேள்வி: "நான் நடக்கச் சொன்னபடி நடக்கவில்லை சாமி. அதனால்தான் மறுபடியும் வந்துவிட்டதா?" இதைக் கேட்பவர் கண்ணீரோடு கேட்கிறார். சில வீடுகளில் உறவினரே இதை நோயாளியின் காதுபடச் சொல்லிவிடுவதும் உண்டு.

இக்கேள்விக்கு நாம் மேலே கண்ட எண்களே விடை தருகின்றன. மூன்று ஆண்டு ஒழுங்காகப் பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களிலும், ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது, அல்லது வேறு புற்று வந்தது, அல்லது மரணம் நேர்ந்தது. பயிற்சித் திட்டமே இல்லாதவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூவர் நலமாயிருந்தனர். இரு பகுதிகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஆறு பேர் அளவே. அந்த ஆறு பேர் யார் என்பதை எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது. நூறு பேரை ஒருங்கே பார்த்தால் மட்டுமே அவர்கள் தெரிவார்கள். தனி ஒருவரின் ஏழு நாள் கணக்கையே நம்பிச் சொல்ல முடியாத ஒரு தாளைக் கொண்டு, அவருடைய நோய் திரும்பியதற்கான காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பது அறிவுக்கும் அன்புக்கும் ஒவ்வாது. நடக்காததால் வந்தது என்று எந்த நோயாளியிடமும் எவரும் சொல்லத் தகுதியில்லை. நோயாளியும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நூற்றுக்கு ஆறு என்பது நடப்பதற்குப் போதுமான காரணம். பழி சுமத்துவதற்கு அது காரணமாகாது.

இனி, தாள் கையில் வரும்போது செய்யத்தக்கவை சிலவற்றைச் சொல்லி முடிப்போம். மறுபரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டு நாள்காட்டியில் அன்றன்றைக்கு நடந்த நிமிடங்களைக் குறித்துவைத்தால், நினைவை நம்பவேண்டிய தேவை குறையும். நடையின் வேகத்தை அறிய எளிய வழி உண்டு: நடந்துகொண்டே பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது நடுத்தரம்; சில சொற்களுக்கு மேல் பேசவே முடியாவிட்டால் அது கடினம். சிகிச்சைக்கு முன் இதே நடை எளிதாயிருந்தது என்றால் அதையும் செவிலியரிடம் சொல்லவேண்டும். புதிதாக வந்த மூச்சுத்திணறல் மருத்துவர் அறியவேண்டிய செய்தி. கீமோ நடந்துகொண்டிருந்தால், மருந்து ஏறி எத்தனையாவது வாரத்தைப் பற்றி எழுதுகிறோம் என்று குறிப்பிடலாம். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் கட்டம் இல்லாவிட்டால் தாளின் ஓரத்தில் எழுதலாம். பிள்ளைகள் தாளைப் படித்துக் காட்டட்டும். விடையைப் பெற்றோரே சொல்லட்டும்.

தாளில் எழுதும் எண்ணைக் கூட்டவேண்டும் என்ற ஆர்வம் எழுந்தால், அதைச் சிறிது சிறிதாகச் செய்வதே முறை. ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் தாழ்வில்லை. எலும்புக்குப் புற்று பரவியவர்கள், இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துள்ளவர்கள், பாதம் மரத்துத் தடுமாறுகிறவர்கள், இதயத்தைத் தாக்கக்கூடிய மருந்து பெற்றவர்கள் ஆகியோர் எந்தப் புதிய பயிற்சியையும் தொடங்குமுன் தம் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.